ஈரக் கழிவு

மழை நாளில் வரும் இலைக்கு
நூற்றுக்குப் பத்து கழிப்பது
கட்டபெட்டு எடைக்கூடத்தில் என் வேலை.
தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது?
இருபத்திரண்டு வருஷம்
தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்து
என் கழுத்தே ஒருபக்கம் சாய்ந்துவிட்டது என்பாள் மனைவி.

ஒழுங்கானவன் என்று பெயர் எனக்கு.
உறைபனி விழுந்தாலும் ஐந்து மணிக்கு எழுவேன்.
சர்க்கரை வந்த நாளிலிருந்து
டீயில் சீனி இல்லை, வர்க்கி இல்லை,
சம்பந்தி வீட்டு விருந்திலும் இல்லை.
வாங்கிய கடனைத் தேதிக்கு முன் கட்டுவேன்.
கொடுத்த கடனையும்
தேதிக்கு முன்பே கேட்பேன்.
நீல அட்டை நோட்டில்
முட்டை வாங்கியதுவரை எழுதியிருக்கிறது.
மகள் ஒருமுறை புரட்டிவிட்டுக் கேட்டாள்:
"என் கல்யாணம் எந்தப் பக்கத்துலப்பா?"
சிரித்தாள்.
நான் பக்கம் சொன்னேன்.

அண்ணன் யோகராசா,
போஜன் கவுடரிடம் குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கரிலிருந்து
ஐப்பசி மழையில் ஒரு நாள் இலை கொண்டுவந்தான்.
நாற்பது கிலோ. முப்பத்தாறு என்று எழுதினேன்.
"எனக்குமாடா?"
வரிசையில் பதினாறு பேர் நின்றார்கள்.
"எல்லாருக்கும்" என்றேன்,
அவர்களுக்கும் கேட்கிற குரலில்.

நாலு கிலோவை அவன் அன்றைக்கே மறந்திருப்பான்.
அந்தக் குரலை மறக்கவில்லை.
இது எனக்குப் புரிய நாலு வருஷம்.

அதன் பிறகு அண்ணிதான் மூட்டை சுமந்து வந்தாள்.
முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல்
எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.
அவளுக்கும் பத்து கழித்தேன்.
ராத்திரி நன்றாகவே தூங்கினேன்.
நேர்மை நல்ல மெத்தை.

பங்குனியில், ஏனென்று தெரியாது,
கோடை மழையில் கரண்ட் போய்வந்த ஒரு ராத்திரி
நனைந்த இலை ஒரு கிலோ எடுத்து
கொசுவலைத் துணியில் முடிந்து
வாசலில் நின்று சுழற்றினேன்.
ஐம்பத்தாறு வயசில் ஒருத்தன்
பதினொரு மணிக்கு, லுங்கியோடு, சாமியாடி மாதிரி.
எதிர் லைன் வீட்டு நாய் குரைத்துக் களைத்தது.
தண்ணீரெல்லாம் என் சட்டையில்.
திரும்ப நிறுத்தேன்: தொள்ளாயிரத்து நாற்பது.

இன்னொரு கிலோ. அதே.

பத்து என்பது யாரோ சொன்னது.
எனக்கு முன்னால் இருந்த எடைக்காரர்
அவருக்கு முன்னால் இருந்தவரிடம் கேட்டது.
ஆறுதான் தண்ணீர். நாலு இலை.
என் நேர்மையிலும்
நூற்றுக்கு இத்தனை என்று ஈரம் இருந்திருக்கிறது;
கழிக்கத்தான் ஆளில்லை.

அப்புறம் எதையெதையோ நிறுத்துப் பார்த்தேன்.
பேங்கில் கிடக்கும் ஆறு லட்சத்தில்
பயம் எவ்வளவு.
ஐந்து மணிக்கு எழுவதில்
எழாதவர்களை எண்ணிப் படுகிற சந்தோஷம் எவ்வளவு.
கொசுவலையில் கட்டிச் சுழற்ற முடியவில்லை இவற்றை.

அண்ணன் கணக்கை மட்டும் போட முடிந்தது.
நாலு வருஷ மழை இலை
நாலாயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து கிலோ.
நூற்றுக்கு நாலு: நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
கிலோ சராசரி இருபது ரூபாய்.
மூவாயிரத்து எண்ணூற்று அறுபது.
ஃபேக்டரி தராது; என் கையிலிருந்து எடுத்தேன்.
நீல நோட்டில் எதற்கென்று எழுதுவது தெரியாமல்
அந்த வரியைக் காலியாக விட்டேன்.

சித்திரை.
அண்ணன் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தான்.
முழங்கால் உயரத்தில் செடிகள்
இலையில்லாமல் எலும்பாக நின்றன.
அண்ணி பணத்தை எண்ணினாள்.
ஒரு பத்து ரூபாயைத் திருப்பித் தந்தாள்,
பஸ்ஸுக்கு.
அவன் நிமிரவில்லை.
"சத்தமா சொன்னியேடா."
"ஆமா."
வேறு பேச்சு வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து
இன்னொரு கத்தியைக் காலால் என் பக்கம் தள்ளினான்.
"சாய்ச்சு வெட்டு, தண்ணி நிக்கக் கூடாது" என்றான்,
எனக்குத் தெரியாதது போல.
நிஜமாகவே தெரியாது.
இருபத்திரண்டு வருஷம் எடை போட்டவன்
ஒரு செடியை வெட்டியதில்லை.

என் முதல் வெட்டு நேராக விழுந்தது.
அதன் மேல் அவன் இன்னொன்று வைத்தான்.

கோத்தகிரிப் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது.
வரிசையில் நின்ற பதினாறு பேரின் கணக்கு
இன்னும் போடவில்லை.